சிங்கிளா? ரூம் இல்லை!

தமிழ்நாட்டில் எந்த ஊர் லாட்ஜுக்கு வேண்டுமானாலும் ராத்திரி பத்து மணிக்கு ஒரு பையோடு போய் நில்லுங்கள். ரிசப்ஷனில் இருப்பவர் உங்கள் பெயரைக் கேட்க மாட்டார். ஊரைக் கேட்க மாட்டார். முதல் கேள்வி, 'எத்தனை பேர் சார்?'

'ஒருத்தர்தான்' என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மாறும். உங்கள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். யாரும் இல்லை என்று உறுதியானதும் பதில் வரும். 'சிங்கிளா? ரூம் இல்லை சார்.' அவர் முதுகுக்குப் பின்னால் பலகையில் பத்துப் பதினைந்து சாவிகள் தொங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டு பேராக வந்து விடிய விடியச் சீட்டாடலாம். நாலு பேராக வந்து குடித்துவிட்டு வாந்தி எடுக்கலாம். பத்துப் பேராகக் கல்யாணத்துக்கு வந்து, போகும்போது டவலைச் சுருட்டிக்கொண்டும் போகலாம். எல்லாம் ஓகே. தனியாக வருவது மட்டும்தான் குற்றம்.

மற்ற ஊர்களில் இது நடந்தால் எரிச்சல் வரும். திருவண்ணாமலையில் நடந்தால் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வருகிறது. கோயிலும் தீபமும் இந்த ஊருக்கு எந்தக் காலத்திலும் உண்டு. ஆனால், பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் இருப்பவன்கூட இந்த ஊர்ப் பெயரைத் தப்பில்லாமல் உச்சரிக்கிறான் என்றால், அதற்குக் காரணம் ஒண்டியாக வந்து, ரூம் போடாமல் படுத்துக்கொண்ட சில ஆட்கள்.

கதை தெரிந்தவர்களும் இன்னொரு தடவை கேளுங்கள். இந்தத் தடவை பக்தியை ஓரமாக வைத்துவிட்டு, பயணக் கணக்கை மட்டும் பாருங்கள்.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் வெங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறான். மீதி இரண்டை வைத்துவிட்டுப் போகிற அளவுக்கு நாணயமான பையன். பழைய அட்லஸைப் பார்த்துத் திண்டிவனம்தான் கிட்டே என்று நினைத்து டிக்கெட் வாங்குகிறான். இரண்டு ரூபாய் பதிமூன்று அணா. வழியில் விவரம் தெரிந்து விழுப்புரத்தில் இறங்குகிறான். அங்கே ஒரு ஹோட்டலில் சாப்பாடு. கையில் இருப்பது இரண்டரை அணாதான் என்று தெரிந்ததும் ஹோட்டல்காரர் காசு வாங்கிக்கொள்ளவில்லை. அந்தச் சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் கிடைத்தது. அதற்கப்புறம் நடை. பத்து மைல் நடந்து, பொழுது சாயும் நேரத்தில் அரகண்டநல்லூர் பாறைக் கோயில்.

கோயிலைப் பூட்ட வேண்டும், வெளியே போ என்கிறார்கள். அவர்களோடேயே கீழூர்க் கோயிலுக்குப் போகிறான். அங்கே சோறு கேட்டால் இல்லை என்கிறார்கள். மேளம் வாசிப்பவர் தன் பங்குச் சோற்றைக் கொடுக்கச் சொல்கிறார். மறுநாள் முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் சாப்பாடு போடுகிறார்கள். காதில் இருந்த கடுக்கனை அவரிடம் அடகு வைத்து நாலு ரூபாய். அன்று ராத்திரி ரயில்வே ஸ்டேஷனில் தூக்கம். செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை.

அந்தப் பையன்தான் ரமண மகரிஷி. வந்த ஊரிலும் அவர் ரூம் போடவில்லை. ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தார். பையன்கள் கல் எறிந்தார்கள். பாதாள லிங்கத்துக்குள் இறங்கிவிட்டார்.

இன்னொருவர், 1959-ல் வடக்கேயிருந்து வந்த யோகி ராம்சுரத்குமார். விசிறி சாமியார் என்றால் உங்களுக்குச் சட்டென்று தெரியும். அவருடைய அட்ரஸ் பல வருஷங்களுக்குப் புன்னை மரத்தடி, தேரடி, பாத்திரக் கடை வாசல். அவ்வளவுதான். கடைக்காரர் ஷட்டரை இறக்கிய பிறகு அந்தத் திண்ணை அவருக்கு.

இவர்களைக் கும்பிடுவதா, வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். எனக்கு அதில் அபிப்பிராயம் சொல்ல வேலை இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு ஒரு மண்டபமும் ஒரு மரத்தடியும் ஒரு கடைத் திண்ணையும் ஒரு மேளக்காரரின் சோறும் இருந்தன. இன்றைக்கு இந்த ஊருக்குத் தனியாக ஒருவர் நடந்து வந்தால் என்ன இருக்கிறது?

பதினாறு வயசுப் பையன் வீட்டை விட்டு ஓடிவந்தால் போலீஸ் விசாரிக்கத்தான் வேண்டும். அதை மறுக்கவில்லை. அதனால் வயசை முப்பத்தாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் கார்டும் கையில் ஆயிரம் ரூபாயும் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் லாட்ஜில் இடம் கிடையாது. கோயிலைப் பூட்டிவிடுவார்கள். கடைத் திண்ணைகளை உடைத்துக் கண்ணாடி போட்டாயிற்று. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் படுத்தால் லட்டியால் தட்டி எழுப்புவார்கள். விடிந்ததும் அதே ஊரில், தெருவில் படுத்திருந்தவரின் படத்துக்கு மாலை போடுவார்கள்.

நானே ஒரு தடவை, பௌர்ணமி கூட்டம் வேண்டாம் என்று ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை தனியாகக் கிரிவலம் நடக்கப் போயிருந்தேன். மூன்று லாட்ஜில் 'சிங்கிளுக்கு இல்லை'. நாலாவது லாட்ஜ்காரர் கொஞ்சம் இளகிய மனசு. 'வீட்டுக்கு போன் போட்டுக் குடுங்க, பேசிட்டுத் தர்றேன்' என்றார். என் மனைவி போனில், 'ஆமாங்க, என் வீட்டுக்காரர்தாங்க. ஒண்ணும் பிரச்னை இல்லீங்க, நல்லாத்தான் இருக்கார்' என்று நற்சான்றிதழ் வழங்கிய பிறகுதான் சாவி கைக்கு வந்தது. நாற்பது தாண்டிய வயசில், வரி கட்டுகிற, ஓட்டுப் போடுகிற ஒரு ஆள் தூங்குவதற்குச் சம்சாரத்தின் சர்ட்டிஃபிகேட் தேவைப்படுகிறது. சம்சாரம் இல்லாதவர் என்ன செய்வார்? அவர்தானே இந்த ஊருக்குத் தனியாக வருவார்?

இதே ஊரில், ஆசிரமப் பக்கம் வெள்ளைத்தோல் ஆசாமி ஒருவர் தனியாக வந்து மூன்று மாசத்துக்கு வீடு கேட்டால், 'வாங்க வாங்க' என்கிறார்கள். அவர் தனியாக வந்தால் ஆன்மிகத் தேடல். நாம் தனியாக வந்தால் சந்தேகக் கேஸ்.

லாட்ஜ்காரர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. நான் படித்தது பி.காம். அவர்கள் பக்கத்துக் கணக்கும் எனக்குப் புரிகிறது. தனியாக வருபவர் தற்கொலை செய்துகொண்டால்? போலீஸ் வரும், ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும், பேப்பரில் லாட்ஜ் பெயர் வரும், அந்த அறைக்கு அப்புறம் ஆள் வர மாட்டார்கள். ஆயிரம் ரூபாய் வாடகைக்கு இவ்வளவு ரிஸ்க் எதற்கு? எவனும் வேண்டாம், முடிந்தது பிரச்னை. இதுதான் கணக்கு.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை இருக்கிறது. ஒன்று, எல்லாத் தொழிலிலும் ரிஸ்க் உண்டு. எவனோ ஒருத்தன் ஆக்ஸிடென்ட் பண்ணுவான் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி நினைத்திருந்தால் நாட்டில் ஒருத்தருக்கும் பாலிசி கிடைத்திருக்காது. இரண்டாவது, இதுதான் முக்கியம். நிஜமாகவே மனசு உடைந்து ஒருவர் அந்த வாசலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி பத்து மணிக்கு அவரைத் துரத்திவிட்டால் அவர் பிழைத்துக்கொள்வாரா? ரயில்வே லைன் பக்கம் போவார். லாட்ஜ்காரர் காப்பாற்றியது அவர் உயிரை இல்லை, தன் அட்ரஸை. 'என்ன சார், சாப்பிட்டீங்களா?' என்று அந்த மேஜையிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் ஒருவேளை அவர் மறுநாள் ஊருக்குத் திரும்பியிருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது? அடையாள அட்டையைப் பார், ரிஜிஸ்டரில் எழுது என்கிறது. தனி ஆளுக்கு அறை தராதே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கச் சட்டம் இல்லை என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஜோடிக்கு வாதாட ஆள் வந்தது. ஒண்டிக்கு யார் வருவார்?

அரசாங்கத்தின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். தினம் ஆயிரம் ரூபாய்க்குள் வாடகை இருக்கிற அறைகளுக்கு முதலில் ஜி.எஸ்.டி. விலக்கு இருந்தது. 2022 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். ஏழை ஒரு ராத்திரி காலை நீட்டிப் படுப்பதும் வருமானம்தான் என்று கண்டுபிடித்த மூளைக்கு, அவன் படுக்க ஓர் இடம் கட்டலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

'என்ன சார் இப்படிச் சொல்றீங்க, பௌர்ணமிக்கு எவ்வளவு ஏற்பாடு பண்றாங்க தெரியுமா?' என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். சிறப்பு பஸ், சிறப்பு ரயில், போலீஸ், குடிநீர், நடமாடும் கழிப்பறை, மருத்துவ முகாம், தனியார் அன்னதானம். கிரிவலப் பாதையில் வாகனத்துக்குத் தடை. லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது, ஏற்பாடு செய்யத்தான் வேண்டும். செய்கிறவர்களுக்கு நன்றி. அதே ராத்திரி லாட்ஜ் வாடகை எத்தனை மடங்கு ஏறுகிறது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் கேள்வி மீதி இருபத்தெட்டு ராத்திரிகளைப் பற்றி.

பௌர்ணமி இல்லாத ராத்திரியில் நீங்கள் அந்தப் பதினாலு கிலோமீட்டரை நடந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் இந்த ஊரின் உண்மையான ஆட்களைப் பார்க்கலாம். வியாபாரத்தில் நொடித்துப்போனவர், ரிட்டயர்டு ஆகி வீட்டில் பேச்சுத் துணை இல்லாதவர், பெண்ணுக்கு வரன் அமையாத அப்பா, வேலை போனதை இன்னும் வீட்டில் சொல்லாத ஐ.டி. பையன். செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல், இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கத்தையும் எண்ணிக்கொண்டு போகிறார்கள். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஆகும். கூட்டத்தில் நடப்பது திருவிழா. இது வேற. மனசில் இருக்கிற பாரத்தை இறக்கிவைக்க வந்தவர்கள் இவர்கள்.

இவர்களுக்கு நாம் கொடுத்திருப்பது என்ன? செங்கம் சாலையில் பெங்களூர் பஸ் காதுக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போகிறது. நடைபாதை இருக்கிற இடத்தில் கடையின் பெஞ்சும் பைக்கும் நிற்கிறது, நடப்பவர் தார்ச் சாலைக்கு இறங்க வேண்டியிருக்கிறது. வெறுங்காலோடு. கழிப்பறை வாசலில் பூட்டு. அடி அண்ணாமலை தாண்டி மனசார ஒரு மணி நேரம் கண்ணயர நினைத்தால் ஏதாவது கடைத் தாழ்வாரத்தில்தான் ஒதுங்க வேண்டும்.

இந்தச் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று 2015-ல் மரங்களை வெட்டினார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த வழக்கின் விவரத்துக்குள் போக வேண்டாம். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். ஒரு மலையைச் சுற்றிக் காலால் நடப்பதற்கென்றே இருக்கிற பாதையை எதற்காக அகலப்படுத்துவார்கள்? நடப்பவருக்கு வேண்டியது நிழல். கார்காரருக்கு வேண்டியதுதான் அகலம். யாரை மனசில் வைத்து பிளான் போட்டார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறதே!

இது திருவண்ணாமலைக் கதை மட்டும் இல்லை. என் நண்பர் ஒருவருக்கு ஓடுகிற பைத்தியம். சென்னையிலிருந்து பாண்டிச்சேரி வரை ஈ.சி.ஆரில் ஒண்டியாக ஓடிப் போனார். முதுகில் ஒரு பை, அதில் ஒரு சின்னக் கூடாரம். திரும்பி வந்தவரிடம், 'கால் வலி எப்படி?' என்று கேட்டேன். 'கால் பரவாயில்லடா. எந்த வண்டி எப்ப வந்து அடிக்குமோன்னு திரும்பித் திரும்பிப் பார்த்ததுல கழுத்துதான் வலிக்குது' என்றார். பக்கத்திலேயே கடல். ஆனால் ரிசார்ட் சுவர் முடிந்தால் அடுத்த ரிசார்ட் சுவர். ராத்திரி கூடாரம் போட இடம் கேட்ட இடமெல்லாம் அதே கேள்வி. 'எத்தனை பேர்?' கடைசியில் மாமல்லபுரம் தாண்டி ஒரு மீனவர் குப்பத்தில், படகு நிறுத்தியிருந்த மணலில் இடம் கொடுத்தார்கள். ஒரு பாட்டி வந்து, 'ஏம்ப்பா, ஒண்டியாவா வந்தே?' என்று கேட்டுவிட்டு, மீன் குழம்பும் சோறும் கொடுத்தாராம். அந்தப் பாட்டிதான் அந்த மேளக்காரரின் வாரிசு. பணம் இருக்கிறவர்களின் வாசலில் செக்யூரிட்டி நிற்கிறார். இல்லாதவர்கள்தான் இன்னும் 'சாப்பிட்டியா' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நண்பரின் கழுத்து வலி சும்மா இல்லை. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட தொண்ணூறு பேர். இவர்கள் ஓவர்ஸ்பீடில் போனவர்கள் இல்லை. நடந்தார்கள், அவ்வளவுதான்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தருகிற வாழும் உரிமையில் சேர்ந்தது என்று சொன்னது. வழக்குப் போட்டவர் கோயம்புத்தூர்க்காரர், எலும்பு முறிவு டாக்டர் ராஜசேகரன். உடைந்த எலும்புகளை ஒட்டவைத்து அலுத்துப்போய், எலும்பு உடையாமல் இருக்க வழி பண்ணுங்கள் என்று கோர்ட்டுக்குப் போனார் போலிருக்கிறது. நடப்பதற்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டிய நாட்டில்தான் நாம் பாதயாத்திரையின் பெருமை பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் ஆண்களின் கஷ்டம். தனியாக வருகிற ஆணுக்கு ரூம் கிடைக்காது, தூக்கம் கிடைக்காது. தனியாக வருகிற பெண்ணுக்கு?

2025 செப்டம்பர் கடைசியில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம் என்று நம்புகிறேன். ஆந்திராவிலிருந்து சரக்கு வண்டியில் வந்த ஓர் இளம்பெண். திருவண்ணாமலை பைபாஸில் ராத்திரி ரோந்து போன இரண்டு போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி, அந்தப் பெண்ணைக் கூட்டிப்போய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இரண்டு பேரும் கைதானார்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். இத்தனைக்கும் அந்தப் பெண் தனியாகக்கூட வரவில்லை. உறவுக்காரரோடுதான் வந்தார்.

இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் டீக்கடையில் ஒரு கேள்வி கேட்பார்கள். 'ராத்திரி நேரத்துல இவங்களை யாரு வரச் சொன்னது?' நானும் கேட்கிறேன். ராத்திரி நேரத்தில்தானே கிரிவலம் போகச் சொல்லி நூறு வழியில் கூப்பிடுகிறீர்கள்? போஸ்டர் அடிக்கிறீர்கள், டி.வி-யில் நேரலை போடுகிறீர்கள், எந்த நாளில் சுற்றினால் என்ன பலன் என்று பட்டியல் கொடுக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் 'பெண்கள் தனியாக வரக் கூடாது' என்று ஒரு வரி இருக்கிறதா? கூப்பிட்டவனுக்குப் பொறுப்பு இல்லை, வந்தவளுக்குத்தான் புத்தி இல்லை. என்ன நியாயம் இது?

'பாதுகாப்புக்காகத்தான் சார் தனியா வராதீங்கன்னு சொல்றோம்' என்பது ரொம்ப நல்லவர்கள் பேசுகிற பேச்சு. பெண்களை வீட்டில் உட்காரவைத்தால் தெரு பாதுகாப்பாகிவிடுமா? ராத்திரி சாலையில் பத்துப் பெண்கள் நடந்தால் பதினோராவது பெண்ணுக்குப் பயம் குறையும். ஒருவரும் நடக்காத சாலையில் முதலில் நடக்கிறவளுக்குத்தான் ஆபத்து. வராதே என்று சொல்லிச் சொல்லி அந்தச் சாலையைக் காலியாக வைத்திருப்பது நாம்தான்.

நம் பாட்டன் முப்பாட்டன் இப்படி இல்லை. தனியாக நடப்பவரை மனசில் வைத்துத்தான் அவர்கள் சாலையே போட்டார்கள். ராணி மங்கம்மாள் பெயரைச் சொன்னால் மதுரைப் பக்கம் இன்றைக்கும் சாலையும் சத்திரமும்தான் ஞாபகம் வரும். தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் ராமேஸ்வரம் போகிற வழியெல்லாம் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தம்மாள் சத்திரத்தை இப்போதும் போய்ப் பார்க்கலாம். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி ஏற்றிக்கொள்ள, நெஞ்சு உயரத்துக்குக் கல் நட்டு அதற்குச் சுமைதாங்கி என்று பெயர் வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள். கூட ஆள் இருந்தால் ஒருவர் தூக்கிவிடலாம். சுமைதாங்கிக் கல் தனியாக வருகிறவருக்காகவே நட்ட கல். வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. அங்கே சாப்பிட உட்காருகிறவரிடம் 'எத்தனை பேர்?' என்று யாரும் கேட்பதில்லை.

அந்தச் சத்திரங்களில் சிலவற்றில் சாதி பார்த்துப் பந்தி போட்டார்கள் என்பதும் உண்மைதான். அந்த அழுக்கைக் கழுவிவிட்டுக் கட்டடத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். நாம் கட்டடத்தை இடித்து காம்ப்ளெக்ஸ் கட்டிவிட்டு அழுக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

'அந்தக் காலம் வேற சார், இப்ப ஜனத்தொகை என்ன!' என்பவர்களுக்கு இந்தக் காலத்துக் கணக்கே சொல்கிறேன். ஸ்பெயினில் சாண்டியாகோ என்ற ஊர்த் தேவாலயத்துக்கு நடந்தே போகிற பழக்கம் இருக்கிறது. 2024-ல் மட்டும் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் அந்த யாத்திரையை முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். நிறையப் பேர் தனியாக வருபவர்கள். பெண்களும்தான். வழி நெடுக யாத்ரீகர் விடுதிகள். பெரிய கூடம், வரிசையாகக் கட்டில், குளிக்க வெந்நீர், குறைந்த கட்டணம். ஜப்பானில் ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றி நடக்கிறார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். தனியாக நடக்கிறவரின் தொப்பியில் ஒரு வாசகம் எழுதியிருக்கும். 'இருவர் சேர்ந்து போகிறோம்' என்று அர்த்தம். இரண்டாவது ஆள், அவர்கள் கும்பிடுகிற மகான். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் அமிர்தசரஸுக்குப் போங்கள். பொற்கோயிலில் தங்க இடமும் சாப்பாடும் இலவசம். அங்கே பௌர்ணமி, அமாவாசை எல்லாம் கிடையாது. வருஷம் பூராவும்தான்.

திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஆகவே மாநகராட்சிக்கும் அறநிலையத் துறைக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஏ.சி. அறை கட்டிக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தனியாக வருபவருக்கு வேண்டியது அறை இல்லை. கூடம். கிரிவலப் பாதையில் மூன்று இடத்தில் ஒவ்வொரு கூடம். பாய், மின்விசிறி, பையை வைத்துப் பூட்ட அலமாரி, சுத்தமான கழிப்பறை. பெண்களுக்குத் தனிக் கூடம், பெண் ஊழியர்களோடு. அடையாள அட்டையைப் பார்த்து, ஐம்பது ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள். நூறு பேர் படுத்தால் ஒரு ராத்திரிக்கு ஐயாயிரம். காவலாளிக்கும் துப்புரவு ஊழியருக்கும் சம்பளம் கொடுத்துவிட்டுக் கரன்ட் பில்லும் கட்டிவிடலாம். துண்டு விழுந்தால் உண்டியல் இருக்கிறது. அந்த உண்டியலில் காசு போட்டவர்களில் பாதிப் பேர் தனியாக வந்து அழுதுவிட்டுப் போனவர்கள்தான்.

அப்புறம், அடையாள அட்டை இருக்கிற ஆளுக்கு, தனி ஆள் என்ற ஒரே காரணத்துக்காக அறை மறுக்கக் கூடாது என்று லாட்ஜ்களுக்கு உத்தரவு போடுங்கள். பதினாலு கிலோமீட்டருக்கும் நடைபாதையில் கடையும் பைக்கும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண ராத்திரிகளிலும் பெண் போலீஸ் ரோந்து வரட்டும். கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கதவில் ஒரு போன் நம்பராவது எழுதுங்கள். இதில் ஒன்றுகூட ராக்கெட் விடுகிற வேலை இல்லை.

கடைசியாக உங்களுக்கு. உங்கள் வீட்டில் யாராவது, அப்பாவோ, தங்கையோ, மகளோ, ஒரு நாள் 'நான் கொஞ்ச தூரம் தனியா நடந்துட்டு வர்றேன்' என்று சொன்னால், 'ஏன், என்ன ஆச்சு உனக்கு?' என்று கேட்காதீர்கள். ஒன்றும் ஆகவில்லை. மனுஷனுக்குச் சில சமயம் அது தேவைப்படுகிறது. தண்ணி பாட்டிலை எடுத்துக் கையில் கொடுங்கள். மீதியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது ஊரின் பொறுப்பு. அதைத்தான் நாம் இனிமேல் கேட்டு வாங்க வேண்டும்.